கேட்ட சாட்சி

அத்தியாயம் 11

பழுப்பு உறை வந்து எட்டு நாளாகிறது. குளிர்சாதனப் பெட்டியின் மேல், மின்சார ரசீதுக்கும் தலைவலித் தைலத்துக்கும் நடுவில் அது அப்படியே கிடந்தது. எடுத்து உள்ளே வைக்க யாருக்கும் கை வரவில்லை.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். அவன் பொறுப்பில் இருந்த எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில், ஆறாவது மாடியில் கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் கீழே இறங்கிவிட்டது. வாளியோடு வெளியே கால் வைத்த துப்புரவுப் பணிப்பெண் அந்த இடத்திலேயே இறந்துபோனாள். இன்று பிற்பகல் இரண்டு மணிக்கு விசாரணைக்கு வர வேண்டும் என்று உறைக்குள் இருந்த கடிதம் சொன்னது. அதில் சாவு என்ற சொல்லே கிடையாது. ‘நிகழ்வு’ என்று போட்டிருந்தார்கள். எழுதுகிறவர்களுக்கு எல்லாமே நிகழ்வுதான்.

அதைப் படித்த கையோடு தம்பி சொன்ன ஒரு வாக்கியத்தோடுதான் போன வாரம் நிறுத்தியிருந்தோம்.

“எனக்குச் சாட்சி எங்க அக்கா.”

அக்கா சாட்சி என்றால் யார் மறுக்கப் போகிறார்கள்? மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் பதினேழு வருஷம் ஓட்டியவள். “மூச்சை இழுங்க. அசையாதீங்க. விடுங்க.” ஒரு நாளில் அவள் வாயிலிருந்து வருவது பெரும்பாலும் இவ்வளவுதான். மற்றபடி ஊர் பேசும், அவள் உம் கொட்டுவாள். முதுகுவலிக்காரர் மருமகனைத் திட்டுவார், நர்ஸ் தன் காதலைச் சொல்லி அழுவாள், பக்கத்து வீட்டுக்காரி எதிர்வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வாள், எதிர்வீட்டுக்காரி வந்து பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வாள். ஒன்றும் வெளியே வராது. அவளிடம் பேசினால் மனசு லேசாகிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். எந்த மனசு கனத்தது என்று ஒருவரும் விசாரித்ததில்லை.

அப்பா அம்மா போன பிறகு தம்பியை ஆளாக்கியவளும் அவள்தான். பள்ளிக்கூடத்துச் சண்டையிலிருந்து கல்யாணம் வரை அவன் எல்லாவற்றையும் கொட்டியது அவளிடம்தான்.

இன்று காலையிலும் கொட்டிக்கொண்டிருந்தான்.

“இன்னொரு தடவை சொல்றேன்கா, கேட்டுக்கோ. விபத்துக்கு நாலு நாள் முன்னாடி, ஞாயித்துக்கிழமை மத்தியானம். என் பொண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போயிருந்தா. நீ இந்த நாற்காலியில உக்காந்து துணி மடிச்சிட்டிருந்தே. நான் சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கர்ல.”

“ம்.”

“‘பிரேக் கட்டை தேஞ்சு போச்சு சார், லிஃப்ட்ட நிறுத்திடலாமா’ன்னு கேட்டேன். அவரு என்ன சொன்னாரு? ‘புதுசு வர்ற வரைக்கும் ஓடட்டும்பா’ன்னாரு. அப்படித்தானே?”

“ம்.”

“இதையே அங்க சொல்லு. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். இப்ப அந்தாளு நான் எதையுமே சொல்லலைங்கறான். அவன் மேலதிகாரி, நான் கூலிக்காரன். யாரை நம்புவாங்க? உள்ள தள்ளிடுவாங்கக்கா.”

அவன் குரல் அங்கே உடைந்தது. முப்பத்திரண்டு வயது ஆண், சட்டையில் ஒரு பக்கம் இஸ்திரி போட்டு மறுபக்கம் போடாமல், சமையலறை வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினான்.

அக்கா கழுவிய தம்ளரையே மறுபடி கழுவினாள்.

அவள் கஷ்டம் என்னவென்று இந்த எட்டு நாளில் ஒருவருக்கும் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மடித்த துணிகளின் வரிசைகூட ஞாபகம் இருந்தது. தம்பி குறுக்கும் நெடுக்குமாக நடந்து போனில் பேசியதும், ஸ்பீக்கரில் ஒரு ஆண்குரல் கேட்டதும் ஞாபகம் இருந்தது. ஆனால் பேசியதில் ஒரு வார்த்தைகூட ஞாபகம் இல்லை. அந்த நேரத்தில் அவள் யோசித்துக்கொண்டிருந்தது மிக்சியின் உத்தரவாத அட்டையை எங்கே வைத்தோம் என்பதை. தம்பி நடுவில் இரண்டு தடவை அவள் பக்கம் திரும்பி ஏதோ சொன்னான். அவள் இரண்டு தடவையும் ‘ம்’ என்றாள்.

நம்முடைய ‘ம்’மில் ஆயிரம் வசதி இருக்கிறது. சரி என்றும் பொருள், சொல்லு என்றும் பொருள், காது இங்கே இருக்கிறது ஆனால் ஆள் இங்கே இல்லை என்றும் பொருள். சொன்னவளுக்கே எது என்று தெரியாமல் போகும் நாளும் வரும்.

“டேய்,” என்றாள். “அன்னிக்கு நான்...”

“நீ பயப்படாதே. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும்.” அவன் மேலே பேசிக்கொண்டே போனான். வக்கீல் வைக்கலாமா, வேலை போனால் எங்கே சேரலாம், ஜெயிலில் சோறு எப்படி இருக்கும் என்று அவன் நண்பன் ஒருவன் சொன்னது. குறுக்கே பேசி அவளுக்குப் பழக்கமில்லை. அவன் முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். அவன் முடிப்பதற்குள் அவளுக்குப் பேருந்து நேரம் வந்துவிட்டது.

*

அரை நாள் விடுப்பு சொல்லியிருந்தாள். பன்னிரண்டு மணிவரை இருபத்தாறு படங்கள் எடுத்தாள். கடைசியாக வந்த கிழவர், விலா எலும்பு முறிந்திருந்தும் வாயை மூடவில்லை. மகன் தள்ளிவிட்டதைத் தவறி விழுந்ததாக டாக்டரிடம் சொல்லிவிட்டேன் என்றார். அக்கா அதை முழுவதும் கேட்டாள். கேட்டதும் திடுக்கிட்டாள். இதுபோல எத்தனை பேர் இந்த மேஜையில் படுத்துக்கொண்டு எதையெல்லாம் சொல்லியிருப்பார்கள், தான் எத்தனைக்கு உம் கொட்டி அனுப்பினோம் என்று எண்ணிப் பார்த்தாள்.

தம்பி மனைவி வாசலில் காத்திருந்தாள். தையல் தொழிற்சாலையில் காலர் பிரிவில் வேலை. அவளும் அரை நாள் போட்டுவிட்டு வந்திருந்தாள். விரலில் நூல் ஒட்டியிருந்தது.

பேருந்தில் பின்னிருக்கை கிடைத்தது. இரண்டு நிறுத்தம் வரை தம்பி மனைவி விரலில் ஒட்டிய நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

“அண்ணி, அன்னிக்கு அவரு பேசினது உங்க காதுல விழுந்துச்சா?”

அக்கா அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க. போன வருஷம் எனக்கு மூணாவது மாசம் கலைஞ்சுது. டாக்டர் வீட்டுலேருந்து நேரா வந்து உங்ககிட்டதான் முதல்ல சொன்னேன். இவருக்குக்கூட அப்புறம்தான். ‘தங்கலை அண்ணி’ன்னேன். நீங்க வெங்காயம் உரிச்சிட்டிருந்தீங்க. ‘ம்’னீங்க. கண்ணுல தண்ணி வந்துச்சு உங்களுக்கு. எனக்காகன்னு நினைச்சேன்.”

“எனக்கு இவன் சொல்லித்தானே தெரியும்...”

“ஆமா. ரெண்டு நாள் கழிச்சு, ‘அடுத்த செக்கப் எப்போ’ன்னு என்னைக் கேட்டீங்க. நான் எந்திரிச்சு உள்ள போயிட்டேன். அதுக்கப்புறம்தான் அவரு உங்ககிட்ட சொன்னாரு.”

தம்பி மனைவியா இப்படிப் பேசுகிறாள் என்று அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்கப்புறமும் ஒரு வருஷமாக ஒரே அடுப்பில் சமைக்கிறார்கள். இதுவரை ஒரு முகச்சுளிப்புக் கிடையாது.

“ஏன் என்கிட்ட அன்னிக்கே கேக்கலை?”

“கேட்டு என்ன ஆகப்போவுது? அதுக்கும் ‘ம்’தானே வரும்.” சிரித்தாள். அந்தச் சிரிப்பு கன்னத்தைத் தாண்டவில்லை. “நான் ஒண்ணும் சண்டை போட வரலை அண்ணி. நீங்க நல்லவங்க. ஆனா நீங்க கேக்கறதில்லை. எனக்குத் தெரியும். அதனாலதான் சொல்றேன்.”

“என்ன?”

“விழுந்தாலும் விழலைன்னாலும், கேட்டேன்னே சொல்லிடுங்க. அவரு உண்மையத்தான் சொல்றாரு. உங்க காது பண்ணின தப்புக்கு அவரு உள்ள போகக்கூடாது.”

 உண்மைக்குச் சாட்சி சொல்லப் போகிறோம், அந்த உண்மையைத் தான் தவறவிட்டது மட்டும்தான் குறை என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இறங்கும் இடம் வருவதற்குள் அது ஏறக்குறைய நியாயமாகவே படத் தொடங்கிவிட்டது.

*

விசாரணை அலுவலகம் மூன்றாவது மாடியில். லிஃப்ட் இருந்தது. கீழே காத்திருந்த தம்பி அதன் பக்கம் திரும்பாமல் படியேறினான். மற்ற இருவரும் பின்னாலேயே ஏறினார்கள்.

நீளமான மேஜை, ஒரு பக்கம் அதிகாரி, பக்கத்தில் தட்டச்சு செய்யும் பெண். எதிரே சூப்பர்வைசர். அக்கா அவரை ஒரு தடியராகக் கற்பனை செய்து வைத்திருந்தாள். வந்திருந்தவர் ஒல்லியாக, கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, ஓய்வு பெற இன்னும் சில மாதங்களே இருக்கிறவர்போல இருந்தார். சுவரோரம் இன்னொரு மனிதர் உட்கார்ந்திருந்தார். செத்துப்போன பெண்ணின் புருஷன் என்று தம்பி மனைவி காதோடு சொன்னாள்.

அதிகாரி ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார்.

“போன் கம்பெனிக் கணக்குப்படி அந்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒண்ணு பத்துக்கு ஒரு அழைப்பு போயிருக்கு. ரெண்டு நிமிஷம். பேசினது ரெண்டு பேரும் ஒத்துக்கறீங்க. என்ன பேசினீங்கங்கறதுலதான் தகராறு. நீங்க சொல்லுங்க.”

சூப்பர்வைசர் எழுந்து நின்றார். “லீவு கேட்டான் சார். மறுநாள் வரமாட்டேன்னான். சரிப்பான்னேன். பிரேக் பத்திப் பேச்சே வரலை. வந்திருந்தா நான் சும்மா இருந்திருப்பேனா? இருபத்தெட்டு வருஷமா இதே வேலை பாக்கறேன்.”

தம்பி தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

“அம்மா, நீங்க வாங்க.” அதிகாரி அக்காவை நாற்காலியில் உட்காரச் சொன்னார். “அந்தப் பேச்சைக் கேட்டீங்களா?”

“ம்.”

தட்டச்சுப் பெண்ணின் கை நின்றது. அவள் அதிகாரியைப் பார்த்தாள்.

“‘ம்’னு டைப் அடிக்க முடியாதும்மா. கேட்டீங்களா, இல்லையா?”

தம்பி நிமிர்ந்தான். சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது பார்ப்பானே, அதே பார்வை.

“கேட்டேன்,” என்றாள் அக்கா.

“என்ன கேட்டீங்க?”

“பிரேக் கட்டை தேஞ்சு போச்சு, நிறுத்திடலாமான்னு தம்பி கேட்டான். புதுசு வர்ற வரைக்கும் ஓடட்டும்பான்னு அவரு சொன்னாரு.”

ஒரே மூச்சில் வந்துவிட்டது. மூன்று நாள் பேச்சுக்குச் சமமான பேச்சு அது அவளுக்கு. சூப்பர்வைசர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். அவர் முகத்தில் இருந்தது குழப்பம்தான்.

“உங்களைப் பத்தி விசாரிச்சோம்,” என்றார் அதிகாரி. “அதிகம் பேசமாட்டாங்க, பேசினா சரியா இருக்கும்னு ஆஸ்பத்திரியில எல்லாரும் சொல்றாங்க. சரி, படிச்சுக் காட்டும்மா.”

தட்டச்சுப் பெண் படித்தாள். தேதி, நேரம், உறவு முறை. கடைசியில்: “எனவே மேற்படி மின்தூக்கியின் பிரேக் பழுதடைந்திருந்த விவரத்தை நிகழ்வுக்கு நான்கு நாட்கள் முன்பே நான் அறிந்திருந்தேன்.”

“இதை நான் சொல்லலையே,” என்றாள் அக்கா.

“கேட்டீங்கன்னா அறிஞ்சிருந்தீங்கன்னுதானே அர்த்தம்?” அதிகாரி பேனாவை நீட்டினார். “இங்க ஒரு கையெழுத்து, பின்பக்கம் ஒண்ணு.”

இரண்டு இடத்திலும் போட்டாள். கையெழுத்து வழக்கத்தைவிட அழகாக விழுந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை.

சுவரோரம் இருந்த மனிதர் எழுந்து வந்தார். சட்டைப் பையில் ஒரு அடையாள அட்டை தெரிந்தது, பெண் படம் போட்டது.

“அப்ப உங்களுக்கும் தெரியும்.”

அக்கா பேனாவை மேஜையில் வைத்தாள்.

“நாலு நாள் இருந்துச்சும்மா. தெனம் அவ அந்த லிஃப்ட்லதான் ஏறி இறங்கினா. முட்டி வலி, படி ஏற முடியாது. ஒரு போன் போட்டு, யாராவது ஒருத்தர்கிட்ட, ஏறாதீங்கன்னு சொல்லியிருக்கலாமே.” கத்தவில்லை. வழி கேட்பவர்போலத்தான் கேட்டார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டார். “நல்லா இருங்கம்மா.”

அவர் போனபின்பும் அந்த இரண்டு சொல் போகவில்லை. மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூடத் தட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

*

தம்பி மனைவி ஆட்டோ பார்க்க முன்னால் இறங்கிப் போனாள். அக்காவும் தம்பியும் இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றார்கள். அங்கே ஒரு பழைய நாற்காலி, தண்ணீர் கேன், உடைந்த மின்விசிறி. தம்பிக்கு உடம்பு இருப்புக்கொள்ளவில்லை.

“அசத்திட்டக்கா. அந்த அதிகாரி முகத்தப் பாத்தியா? அடுத்த கேள்வியே வரலை. நீ சொல்லச் சொல்ல எனக்கே நெஜமா நடந்த மாதிரி இருந்துச்சு.”

அக்கா கைப்பிடிச் சுவரில் கையை வைத்திருந்தாள்.

“நடந்த மாதிரின்னா?”

அவன் சட்டென்று நிறுத்தினான். அக்கா கேள்வி கேட்பாள் என்பது அவன் கணக்கில் இல்லை.

“இல்ல, சும்மா சொன்னேன்.”

“நடந்த மாதிரின்னா என்னடா?”

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை உம் கொட்டவில்லை. முப்பது வருஷமாக எதையும் அவளிடம் மறைத்துப் பழகாதவனால் அந்தப் பார்வைக்கு முன்னால் அதிக நேரம் நிற்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தான்.

“லீவுதான் கேட்டேன்கா.”

“பிரேக் கட்டை?”

“தேஞ்சது எனக்கே தெரியாது. மூணு மாசமா மேல ஏறி மூடியத் தெறக்கவே இல்ல. கீழ செக்யூரிட்டி ரூம்ல உக்காந்து பரிசோதனைத் தாள்ல எல்லாத்துக்கும் டிக் போட்டேன். எல்லாரும் போடறதுதான். இவ்வளவு நாள் ஒண்ணும் ஆகலையே.”

“அன்னிக்கு என்கிட்ட ரெண்டு தடவை ஏதோ சொன்னியே.”

“பைக்கை வித்துடலாமான்னு கேட்டேன். ‘ம்’னே.”

கீழே தெருவில் யாரோ ஹாரன் அடித்தார்கள். அக்கா கைப்பிடிச் சுவரிலிருந்து கையை எடுத்தாள். சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“அப்புறம் எதுக்குடா என்னைச் சாட்சியா இழுத்தே?”

தம்பி உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தான். பதில் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னான். அக்காவிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வான்?

“உன் காதுல எதுவும் விழுந்திருக்காதுன்னு தெரியும்கா. சின்ன வயசுலேருந்தே தெரியும். நான் பாட்டுக்குப் பேசுவேன், நீ பாட்டுக்கு இருப்பே. அதுல எனக்கு வருத்தம் இல்ல, சத்தியமா இல்ல. யாராவது ஒருத்தர் எதுக்க உக்காந்தா போதும்னு இருந்தேன். நீ உண்மையாவே கேட்டிருந்தா, ‘அவன் லீவுதான் கேட்டான்’னு நீ சொல்லியிருப்பே. பொய் சொல்ல உனக்கு வராது. கேக்காதவதானே நான் சொன்னதை அப்படியே நம்புவா.”

அக்காவுக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. அம்மா செத்த அன்று இவன் தன் மடியில் தலைவைத்து மணிக்கணக்காகப் பேசியது ஞாபகம் வந்தது. என்ன பேசினான் என்று தேடிப் பார்த்தாள். ஒரு சொல்கூட அகப்படவில்லை.

மேலே படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சூப்பர்வைசர் இறங்கி வந்துகொண்டிருந்தார், ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக. இவர்களைப் பார்த்ததும் நின்றார். தம்பி எழுந்து அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தான்.

“வாக்கா, ஆட்டோ நிக்குது.”

“ஒரு நிமிஷம்மா,” என்றார் அவர். “சண்டைக்கு வரலை. சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க, அது போகட்டும். வீட்டுல போய் என்ன சொல்றதுன்னு தெரியலை, அதுக்குத்தான் கேக்கறேன்.”

கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

“ஒரு நாளைக்கு நாப்பது போன் வருது. லீவு கேட்டதுதான் எனக்கு ஞாபகம் இருக்கு. மேல உக்காந்திருந்தப்பவும் அதையேதான் சொன்னேன். ஆனா நீங்க பொய் சொல்ற ஆளாத் தெரியலை. அவ்வளவு தெளிவாச் சொல்றீங்க. வயசாயிடுச்சு, மறந்து தொலைச்சிட்டேனோன்னு பயமா இருக்கு. அந்தப் பொம்பளையக் கொன்னது நான்தானோன்னு தோணுது. நீங்க அங்க இருந்தீங்க, உங்களுக்குத்தான் தெரியும். சொல்லுங்கம்மா, ஓடட்டும்பான்னு நான் சொன்னேனா?”

மணிக்கட்டில் தம்பியின் பிடி இறுகியது. அவர் இரண்டு படி கீழே இறங்கி வந்து, அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளத் தயாராக நின்றார்.